வெள்ளோட்டம்

“என்ன சேர், இன்னும் ஓட்டல்லியா? மெனேஜர் ரெண்டு தரம் கேட்டுட்டார்” என்றாள் றமீலா, கதவருகில் நின்றபடி.

“வாசிச்சுப் பாத்திட்டுத்தான் ஓட்டுவன், பிள்ளை.”

சிரித்துக்கொண்டே போனாள். கண்டியிலிருந்த எங்கள் தண்ணீர்க் கட்டண அலுவலகம் முழுவதற்கும் என்னுடைய இந்தப் பழக்கம் ஒரு பகிடி. யார் அனுப்பிய ஸ்கிரிப்டானாலும், அதிலுள்ள கட்டளைகளை வரி வரியாக வாசிக்காமல் யூனிக்ஸ் கணினியில் ஓடவிட மாட்டேன்.

இது அன்று காலை கொழும்பிலிருந்து வந்தது. ஓட்டினால் போதும், முடிவு தானாகவே அங்கே போய்ச் சேரும் என்று ஒரு குறிப்பு. எதற்கென்று எழுதியிருக்கவில்லை.

மொத்தம் பதினான்கு வரிகள். பாவனையாளர்களின் பெயர் லிங்கம், நாதன், சாமி, ராஜா என்று முடிகிறதா என்று தேடுகிறது. முடிந்தால் பெயரையும் வீட்டு முகவரியையும் அனுப்புகிறது.

எல்லாம் தமிழ்ப் பெயர்களின் முடிவுகள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் கையிலும் ஒரு தாள் இருந்தது. பக்கத்து வீடுகளைத் தொடாமல் நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

இது 2008. யுத்தம் நடக்கிற நேரத்தில் மாட்டேன் என்றால், சொன்னவன் யார் என்று கேட்பார்கள். பிறகு வேறொருவரைக் கொண்டு ஓட்டுவார்கள்.

அனுப்பும் வரிக்கு முன்னால் ‘எக்கோ’ என்று தட்டினேன். அப்படிப் போட்டால் எதையும் அனுப்பாது. எதை அனுப்பப்போகிறது என்று திரையில் மட்டும் காட்டும்.

ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கட்டுகஸ்தோட்டையில் நவரட்ணராஜா, அது நான். அந்த நேரம் அங்கே என் மனைவி றீற்றா பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பாள்.

பதினான்கு வரிகளையும் மறுபடி வாசித்தேன். பிறகு இன்னொரு தரம் ஓட்டி, வந்த பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மெனேஜர் ராஜகருணாவின் அறைக்குப் போனேன்.

அவர் விரல் வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவருடைய பெயர், அவருடைய வீட்டு இலக்கம். அதற்குக் கீழே அவருடைய தம்பியின் வீடு.

தன் பெயர் எப்படி இதற்குள் வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் பெயரில் ராஜா இருக்கிறதே, கணினிக்கு ஆள் தெரியாது என்றேன்.

முகம் வெளுத்துப்போய்க் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்கிரிப்ட் பிழை, இதை என் அலுவலகத்தில் ஓட்ட விடமாட்டேன் என்று சத்தம் போட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

முதல் தரம் ஓட்டியபோது அவர் பெயர் வரவில்லை. பெயரின் முடிவில் மட்டும் தேடு என்றிருந்ததை, எங்கிருந்தாலும் தேடு என்று மாற்றியவன் நான்.