இன்றைக்கும் கெட்டுப்போன இயர்பட்ஸ்

“ஹுமா, இது மறுபடியும் கேக்க மாட்டேங்குதும்மா.”

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் மகள் ஆஃபியா. திரும்பிப் பார்க்காமலே ஹுமாவுக்குத் தெரியும், மாமனார் ஜெகபர் அலி ஒரு கையில் போனும் மறு கையில் அந்த வெள்ளை டப்பியுமாக அடுப்படி வாசலில் நிற்கிறார்.

“நேத்துத்தானே மாமா சேத்துக் குடுத்தேன்?”

“நேத்துப் பாடுச்சு. இன்னைக்கு ஊமையாயிடுச்சு.”

குவைத்திலிருந்து அவள் புருஷன் ஹாமித் தன் அத்தாவுக்கென்று அனுப்பிய இயர்பட்ஸ். வந்த நாளிலிருந்து இதே ரோதனை. அதுவும் ஹாமித் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் கெட்டுப்போகும்.

அடுப்பைக் குறைத்துவிட்டு போனை வாங்கினாள். ப்ளூடூத்தில் அந்தப் பேரே இல்லை.

“எதையோ அமுக்கி அழிச்சிருக்கீங்க. தெனமுமா மாமா அழியும்?”

“வயசான வெரலு. எங்கிட்டுப் படுதோ.”

டப்பியின் பட்டனை அழுத்திப் பிடித்தாள். விளக்கு மினுக்கியது. போனில் ஒரு தட்டு. சேர்ந்துவிட்டது.

“இந்தாங்க.”

“அதுக்குள்ளயா?”

என்னவோ பறிகொடுத்தவர் மாதிரி வாங்கிக்கொண்டு போனார். ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஹுமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. நாளைக்குள் ஹாமித் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம். போடாவிட்டால் ஊருக்கு வந்துவிடலாம்.

நேற்றும் அந்தப் பேச்சுத்தான். ஹாமித் கூப்பிட்டால் டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். போன் நடுவில், ஸ்பீக்கரில். அந்த வீட்டு வழக்கம். காதில் வைத்துப் பேசினால், “எங்களுக்குத் தெரியாம என்ன ரகசியம்? என் மவன் குரலு எனக்கும் வேணும்ல?” என்பாள் மாமியார் ரோஷன் பேகம்.

“போட்டுரு தம்பி. மாடி கட்டாம பாதியில நிக்கிது. உங்க அத்தாவும் சவுதியில கெடந்தவுகதான். நான் என்ன ஓடியா போயிட்டேன்?” என்றாள் நேற்று. ஜெகபர் அலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹுமா என்ன சொல்றா?” என்றான் ஹாமித்.

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

“உங்க இஷ்டம் மச்சான்.”

வேறென்ன சொல்ல முடியும்?

“ஹுமா…” மறுபடியும் வாசலில் ஜெகபர் அலி. “போச்சும்மா.”

“இப்பத்தானே குடுத்தேன்!”

“என் போன்லதான் கோளாறோ என்னமோ. ஒன் போன்ல போட்டுப் பாரு. ரெண்டு காதுலயும் மாட்டிக்க. இங்க டிவி சத்தம். மாடிக்குப் போயிக் கேளு.”

“அடுப்புல வேலை கெடக்கு மாமா.”

“அதை நான் பாத்துக்கிறேன். புள்ளையக் குடு.”

ஹாலில் இருந்து ரோஷன் பேகம் குரல் கொடுத்தாள். “இந்த மனுசனுக்கு அதை யாரு அனுப்பச் சொன்னா?”

பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினாள் ஹுமா. தன் போனில் சேர்த்து இரண்டையும் காதில் மாட்டவும் ஹாமித் கூப்பிடவும் சரியாக இருந்தது.

“மவனா? கீழ வா, ஸ்பீக்கர்ல போடு!” ரோஷன் பேகம்.

“இப்ப எடுத்தா மறுபடி கெட்டுரும்டி! பேசி முடிக்கட்டும். அப்பத்தான் ஒழுங்காச் சேந்திருக்கான்னு தெரியும்.” படியடியில் ஜெகபர் அலி.

“என்ன ஹுமா, சத்தமே இல்ல? எல்லாரும் எங்க?” காதுக்குள் ஹாமித்.

“நான் மட்டுந்தான் மச்சான். மாடியில.”

“நெசமாவா?”

“உங்க அத்தாவோட பெரிய தொல்லை. தெனமும் இந்தச் செட்டைக் கெடுத்துட்டு வந்து நிக்கிறாக…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மேலே கட்டப்போகும் தூணுக்காக விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து நின்றன. எதிரே ஒரு முகமும் இல்லை.

“கையெழுத்துப் போடாதீங்க மச்சான். வந்துருங்க. ஆஃபியா போனைத்தான் அத்தாங்குறா. கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டாலும் போனுக்கு முத்தம் குடுக்குறா.”



“இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது?”

“…சரி, போடல. வந்துடுறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

பாங்கு சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். மாமியார் உள்ளே தொழப் போயிருந்தாள். பள்ளிவாசலுக்குக் கிளம்பிய ஜெகபர் அலியை பக்கத்து வீட்டு அப்துல் நாசர் கேட்டிலேயே மறித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நேத்து என் காதுச் செட்டை டிவியோட சேத்துக் குடுத்தீகள்ல, அருமையாக் கேக்குது! மச்சினனோடதையும் கொண்டாந்திருக்கேன். அறந்தாங்கிக் கடைக்காரன் மண்டையச் சொறியிறான், உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே ஒரு தட்டுல சேருது?”

“மெல்லப் பேசுய்யா!”

பதறித் திரும்பிய ஜெகபர் அலி, பின்னால் நின்ற மருமகளைப் பார்த்துவிட்டார். கை தானாகத் தொப்பியைச் சரிசெய்தது. பார்வை தரைக்குப் போனது.

ஹுமா கையிலிருந்த டப்பியைப் பார்த்தாள்.

தொழுகைப் பாயை விரித்துக்கொண்டே ரோஷன் பேகம் உள்ளிருந்து கேட்டாள். “என்ன புள்ள, அந்தச் சனியன் சரியாயிடுச்சா இல்லையா?”

“எங்க சரியாச்சு மாமி…” டப்பியை மாமனார் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னாள் ஹுமா. “நாளைக்கும் மாடிக்குக் கொண்டுபோய்த்தான் பாக்கணும் போலிருக்கு.”