சாமி போகும் தெரு

ஆட்டோ ஓட்டும் முனுசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது என் பக்கத்து வீட்டு தேவேந்திரன் வாசலில். தேவேந்திரனின் மகள் இளவரசி மருத்துவக் கல்லூரி விடுதிக்குக் கிளம்ப, முனுசாமி தன் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பொட்டியில கல்லா வச்சிருக்கிற பாப்பா? ஏற்கெனவே பிளேட் வச்ச காலு, தாங்காது!"

அடுத்த மாதமே மாரடைப்பு. அவர் மனைவி கங்கையம்மாள் உடலை அதே கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்.

"புருஷனுக்கு ஒரு குழி வெட்டக்கூட மனசு வரல பாருங்க" என்று தேவேந்திரன் தெருவெல்லாம் சொன்னார்.

இந்த வருஷம் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தேவேந்திரன் என்னையும் கூட்டிப் போனார். கடைசி வருஷம் படிக்கும் இளவரசிதான் சுற்றிக் காட்டினாள். எலும்பு அறுக்கும் பழைய ரம்பங்கள், ஜாடிக்குள் ஒரு இதயம்.

ஒரு கண்ணாடிப் பெட்டி மேல் கை வைத்தபடி கங்கையம்மாள் நின்றிருந்தார். உள்ளே கால் எலும்பு ஒன்று. அதில் திருகாணிகளால் இறுக்கிய ஸ்டீல் பிளேட்.

"செவிலிமேட்டாண்ட லாரி இடிச்சப்போ வச்சது பாப்பா. எக்ஸ்ரேல எத்தினி வாட்டி பாத்திருக்கேன்! இது அவருதான்."

தேவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப வந்து கண்ணாடியத் தடவி என்னம்மா பண்றது? அன்னிக்கே எடுத்துக்கினு போயி அடக்கம் பண்ணியிருக்கலாமில்ல?"

"எந்த வழியாண்ணா?"

கங்கையம்மாள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்க மாமியா செத்தப்போ, சாமி போற தெருன்னு பாடையைத் திருப்பி அனுப்பிட்டீங்க. மழையில, கழனிச் சேத்துல தூக்கினு போனோம். எங்க பசங்க கட்டையை எடுத்துக்கினு கிளம்பிட்டானுங்க. இவருதான் தடுத்தாரு. 'வேணாம்டா, காலையில அந்தத் தெருவுல போயி இளவரசி பாப்பாவ ஸ்கூல்ல வுடணும்'னாரு. எம்பொணத்தால ஊருக்குள்ள சண்டை வரக் கூடாதுன்னு, அந்த வாரமே இங்க எழுதிக் குடுத்துட்டாரு."



இளவரசி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அப்பா, பெரியம்மாவ எந்த வழியா எடுத்துக்கினு போனோம்?"

பெரியம்மா என்று அவள் சொன்னது என் மனைவியை. அந்தத் தெரு வழியாகத்தான், பூப்பல்லக்கில், மேளத்தோடு.



பெட்டிக்குள் இருந்தது ஒரு கால் எலும்பு, ஒரு பிளேட்.