நல்ல ரேடியோ

“அந்தப் புள்ள எங்க?”

மேசையில் படுக்காமல் நின்றபடியே கேட்டார் மொக்கச்சாமி. கதவோரம் நின்ற அவர் மனைவி கற்பகம் சட்டென்று பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

“எந்தப் புள்ளைங்கய்யா?” என்றான் வினோத்குமார். புற்றுநோய்க்காரர்களைப் படுக்கவைத்துக் கதிர்வீச்சு, ஊர்ப்பேச்சில் ‘கரண்டு’, வைக்கிறவன். அவன் கையில், மொக்கச்சாமியின் முகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த வலைக்கவசம் இருந்தது.

“தெனமும் இந்த ஸ்பீக்கர்ல பேசுமே, அது. இன்னைக்குப் பேசுறது வேற ஆளு.”

“அவங்களுக்கு வேற சோலிங்கய்யா. இன்னைக்கு சுஜாதாதான் பேசுவாங்க. படுங்க.”

“அந்தப் புள்ள வரட்டும், படுக்கிறேன்.”

அந்தப் புள்ள வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகள் வித்யா. சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாதே என்று சொல்லிவைத்ததே கற்பகம்தான். “இது நமக்குப் பழகுன கொரலா இருக்கேடி” என்று நேற்று ஜீப்பில் அவர் இழுத்ததும் பயந்துபோயிருந்தாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? ரேடியேஷன் தெரபி பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வித்யா வந்து நின்றபோது, தேவாரம் ஊரிலிருந்த அத்தை மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள்.

“கரண்டு வைக்கிற படிப்பா? கண்டவன் ஒடம்பத் தொட்டுக்கிட்டு, நாளைக்குப் புள்ள குட்டி பெறக்குமா?” என்று அத்தை வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

“மக ஈபி ஆபீசுல கம்பம் ஏறப் போகுதாண்ணே?” என்று ஏலக்காய்க் கடையில் ஒருவன் சிரித்தான்.

சொந்தபந்தம் முன்னால் தலைகுனிந்த மொக்கச்சாமி, பெட்டியோடு வாசல் இறங்கிய மகளிடம் ஒன்றுதான் சொன்னார். “இனிமே ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

ஏலக்காய் ஏல மையத்தில் ஒரு விலைக்குத் தலையசைத்துவிட்டால், கையைச் சுட்டாலும் வாக்கு மாறாத மனிதர் அவர். வித்யா படித்து முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு, பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கற்பகம் மட்டும் போய்வந்தாள். போடிக்கு வெளியே புதிதாக வந்த இந்த ஆஸ்பத்திரியில் வித்யா வேலைக்குச் சேர்ந்தும், அவள் பேரை அவர் காதில் போட ஊரில் எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்புறம்தான் அவர் தொண்டையில் கட்டி வந்தது. மகன் கார்த்தி கொச்சிக்குப் போகலாம் என்றான்.

“மலையில ஏலக்கா எடுப்பு நடக்குது. பக்கத்துல இருக்கிறதுக்கே போவோம்” என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

தாயும் மகளும் கூடிப் பேசினார்கள். அறைக்குள் அவரைப் படுக்கவைப்பது மற்றவர்கள். வித்யா வெளியிலிருந்து குரல் மட்டும் கொடுப்பாள். விஷயம் தெரிந்தால் மனிதர் பாதியில் எழுந்து போய்விடுவார். போனால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் துண்டை முக்காடாகப் போட்டுக்கொள்வார். தரையைப் பார்த்தே நடப்பார். கவசம் மாட்டும் முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். யாருக்கும் குனியாத மனிதரை நோய் இப்படி ஒடித்துவிட்டதே என்று கற்பகம் மறைவில் அழுவாள்.

வீட்டில் காரமில்லாத கஞ்சியை ஆற்றிக் கொடுத்தால், “இப்படிக் குடுக்கச் சொல்லி ஆருடி சொன்னா?” என்பார்.

“ரேடியோவுல சொன்னாங்க” என்று மகள் பேரை மறைப்பாள் கற்பகம்.

“ம்ம். நல்ல ரேடியோதான்.”

இப்போது அவர் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

“பாதியில விட்டா, இத்தன நாள் வச்சது வீணாப் போயிரும்மா” என்று வினோத்குமார் கற்பகத்தின் காதோரம் முணுமுணுத்தான்.

கற்பகம் அடுத்த அறைக்கு ஓடினாள். “பேசு தாயி. ஆனது ஆகட்டும்.”

ஸ்பீக்கர் கரகரத்தது. “அய்யா... படுத்துக்கங்கய்யா. அசையாம இருங்க. எச்சி முழுங்காதீங்க.”

நோயாளிகள் எல்லோரையும் ‘அய்யா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் தகப்பனைக் கூப்பிடுவதும் ‘அய்யா’ என்றுதான்.

மொக்கச்சாமி மறுபேச்சில்லாமல் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது கார்த்தி ஜீப்பை ஓட்ட, பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மலையோரம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கற்பகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஏங்க... அந்தக் கொரலு...”

“ஏன்டி, பழனிக்குப் போயிட்டுப் பஞ்சாமிர்தம் இல்லாம வந்தவதானே நீ? எங்கிட்டயே வேசம் கட்டுறியா?” தலையிலிருந்த துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார் அவர். “கொச்சிய விட்டுப்புட்டு இங்க எதுக்கு வந்தேன்னு நெனச்ச? சொன்ன வாக்குத் தப்பக் கூடாதுன்னு முக்காடு போட்டு, கண்ணையும் மூடிக்கிட்டுக் கெடக்கேன். கேக்குறதுக்கு இருந்தது அந்தக் கொரலு ஒண்ணுதான். அதையும் நிறுத்திப்புட்டியே.”

கற்பகம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள். “அப்ப, அவள வீட்டுக்கு வரச் சொல்லவா? நாளைக்கு வெள்ளன, காலையிலயே...”

“காலையில வேணாம்” என்றார் மொக்கச்சாமி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து. “மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். சாயங்காலமா வரச் சொல்லு.”