பிரிட்டோவின் பதிலாள்

பகடை உருட்டியதில் வந்த தகராறில் கோபித்துக்கொண்டு போன பிரிட்டோ, ரோஷத்தை விழுங்கிவிட்டு, நண்பர்களோடு இணையத்தில் வீடியோ அழைப்பில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுக்குத் திரும்பினான். அங்கே அவனுடைய மந்திரவாதி வேடத்தில், அவன் முகத்தோடும் குரலோடும் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான்.

"யார்றா இவன்?"

"புது ஆப்புக்கு மாறிட்டோம். வராத ஆளுக்குப் பதிலா அதுவே அவங்கள மாதிரி ஒரு ஆளைச் செஞ்சு ஆடும்," என்றாள் நஸ்ரின். "தோத்தா உன்ன மாதிரி கத்தாது."

"அதைத் தூக்குங்க. நான்தான் வந்துட்டேன்ல?"

ஆட்டத்தை நடத்தும் குமரவேல் கொட்டாவி விட்டான். "ஓட்டு போடுவோம். பிரிட்டோ திரும்ப வரட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

பத்து வருடச் சிநேகிதம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எழுந்தது ஒரே ஒரு கை, அந்தப் போலியின் கை.

"பாவம், வரட்டுமேப்பா," என்றது பிரிட்டோவின் குரல்.

"பாத்தியா?" என்றாள் நஸ்ரின். "இதுக்காகத்தான்டா அதை வெச்சிருக்கோம்."