சாவியைத் தர மாட்டேன்

“சாவியை இப்பவே மாமா கையில குடு. இனிமே நீ ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.”

ஒர்க்‌ஷாப் வாசலிலேயே மாமியார் ஆரம்பித்துவிட்டார். உள்ளே ஜாக்கியில் நிறுத்தியிருந்த காரின் முன்பக்கம் சப்பிப்போயிருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதிய வேகத்தில் பானெட் மடங்கி, ஒரு விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மருமகள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தர மாட்டேன், அத்தை.”

குரல் உயரவில்லை. ஆனால் மருமகளாக வந்த நாளிலிருந்து அத்தையிடம் அவள் ‘மாட்டேன்’ என்று சொன்னதே இல்லை.

பின்னால் வந்த மாமனார், தரையில் கிடந்த டயரில் இடறினார். மருமகள் பாய்ந்தாள். பிடிமானத்துக்கு அவர் நீட்டிய கையை விட்டுவிட்டு, தோளைத் தாங்கி நிறுத்தினாள்.

“பாரு அவரை,” என்றார் மாமியார். “அதிர்ச்சியில இன்னும் கால் தரையில நிக்கல. இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை கேக்குது. உன் பக்கத்துல உக்காந்த பாவத்துக்கு மனுஷன் நடுங்குறாரு. உன் கையில ஒரு கீறல் உண்டா?”

மருமகள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மாமியார் விடவில்லை. மாமனார் மீசை முளைத்த காலத்திலிருந்து வண்டி ஓட்டுபவர், ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை என்றார். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார வைத்துவிட்டு, நேற்று ஓட்டப் பழகியவள் பாலத்தை அளக்கப் போனால் இப்படித்தான் ஆகும் என்றார். வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் மகனும் போனில் அதையேதான் சொன்னானாம்: கொஞ்ச நாள் அப்பாவே ஓட்டட்டும்.

மருமகளுக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்; அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் சாவி போனால் வேலையும் போகும். இருந்தும் அவள் வேலையைக் காரணம் காட்டவில்லை.

“கார் சரியாகி வந்ததும் நான்தான் ஓட்டுவேன், அத்தை,” என்று மட்டும் சொன்னாள்.

துணியில் கையைத் துடைத்தபடி மெக்கானிக் வந்து காரின் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து காற்றுப் போன வெள்ளைப் பை ஒன்று நாக்கைப்போல் தொங்கியது.

“இந்தப் பழைய மாடல்ல இந்த ஒரு ஏர்பேக்தாம்மா. டிரைவருக்கு மட்டும். நல்ல வேளை, ஓட்டினவங்க பெல்ட் போட்டிருந்தாங்க. பெல்ட் ஆளைப் பிடிச்சு நிறுத்தினாத்தான் இது தலையணை. இல்லேன்னா ஆள் முன்னால பாய, பை எதிர்ல பாய, மூஞ்சியிலயே குத்துதான்.”

பெல்ட் போட்டிருந்தாலும் பை உரசுகிற சூட்டில் ஓட்டியவர் கையில் வெந்த மாதிரி சிவப்புத் தடம் விழும், சில நாளில் ஆறிவிடும், தப்பிய உயிருக்கு அது ரொம்ப மலிவான விலை என்றும் சொன்னார். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. காரைப் பார்த்தபடி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எப்படிக்கா இருக்கு?” என்று மெக்கானிக் மருமகளிடம் கேட்டார்.

“பரவாயில்லண்ணா,” என்றாள் மருமகள். கட்டிய கைகளைப் பிரிக்கவில்லை.

மாமியார் கண்ணைத் திறந்தார். “பையாவது, பெல்ட்டாவது. கடவுள் காப்பாத்தினாரு.”

“கடவுள்தான் காப்பாத்தினாரு, அத்தை. பெல்ட்டை மாட்டுற வேலையை மட்டும் நம்மகிட்ட விட்டுட்டாரு.”

மெக்கானிக் சிரித்துவிட்டார். மாமியார் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“வாய் நீளுதே. மாமாவுக்கு அந்தப் பெல்ட்டே ஆகாது, கழுத்தை அறுக்குதும்பாரு. அது இல்லாமலே அவரு இத்தனை காலம் ஓட்டலையா? சாவியைக் குடு அவர்கிட்ட.”

“உங்க பிள்ளை வந்தா அவர்கிட்ட தரேன், அத்தை. நீங்க கேட்டா உங்ககிட்டயும் தரேன். மாமாகிட்ட மட்டும் தர மாட்டேன்.”

பக்கத்து வண்டியில் ஸ்பேனர் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாரின் கண்கள் நிறைந்துவிட்டன.

“சொந்த மகளா நினைச்சவரு. நாலு பேர் முன்னால அவரையா இப்படித் தலைகுனிய வைக்கிற?”

மருமகளுக்கும் கண் கலங்கியது. ஆனால் கைப்பையைப் பிடித்த பிடி தளரவில்லை.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

“அவளைத் திட்டாதே. சாவி அவகிட்டயே இருக்கட்டும். யார் என்ன முரண்டு பண்ணினாலும், பெல்ட் மாட்டாம வண்டியை நகர விடமாட்டா. எனக்கு அது போதும்.”

“அப்புறம் உங்க பாடு,” என்று மாமியார் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவதுபோல் காரின் மறுபக்கம் போய்விட்டார்.

மாமனார் சட்டைப் பையைத் துழாவி, தான் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

“கண்ணு சரியாத் தெரியலம்மா. இனிமே ஓட்டக் கேக்க மாட்டேன்.”

நீட்டியபோது முழுக்கைச் சட்டை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, மெக்கானிக் சொன்ன அதே சிவப்புத் தடம். மருமகள் சாவியை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற மாமியார் திரும்பிப் பார்ப்பதற்குள், அந்தச் சட்டைக்கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டாள்.