சூடே ஆகாதும்மா!

"சூடாவுமா?"

அருணாதேவி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மார்கழி மாசம், காலை பத்து மணி ஆகியும் ஸ்வெட்டரைக் கழற்றாமல், மகனின் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆவாதும்மா!" என்றான் வளவன், கையில் பட்டியலோடு.

வீட்டிலேயே தன் கையால் ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டப்போகிறான் அவன். சாமான் வாங்கச் சென்னைக்குப் போன நண்பன் விமல்ராஜ், கடை வாசலில் நின்றுகொண்டு போன் ஸ்பீக்கரில் காத்திருந்தான். பாதிப் பணம் வளவனின் லாட்ஜ் சம்பளம். மீதிப் பாதி, ரமணாசிரமம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களுக்குக் காலை டிபன் அனுப்பி அம்மா சேர்த்தது. ஆகவே அம்மா தலையாட்டாமல் ஒரு ஸ்குரூகூட வாங்க முடியாது.

வளவனுக்கோ தலைபோகிற அவசரம். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் சண்டை விளையாட்டில், சரியாகச் சுட வேண்டிய நேரத்தில் அவனுடைய பழைய லேப்டாப் உறைந்து நின்றுவிடும். கூட்டாளிகள் அவனுக்கு 'சிலை' என்று பேரே வைத்துவிட்டார்கள். பொங்கல் போட்டிக்குள் நல்ல மெஷின் வராவிட்டால் அவனைக் கழற்றிவிட்டு, கீழ்பென்னாத்தூர் ஓவியாவைச் சேர்த்துக்கொள்வார்களாம்.

"மச்சான், அந்தப் பெரிய கிராபிக்ஸ் கார்டு கடைசி ஒண்ணுதான் இருக்குதாம். போட்டுடலாமா?" என்றான் விமல்ராஜ். "பில்லு போட்டுட்டா மாத்த மாட்டாங்க, பாத்துக்க."

படம் சிக்காமல் ஓடுவதெல்லாம் அந்தக் கார்டின் புண்ணியம். ஒரு வருஷமாக அதன் போட்டோவைத்தான் வளவன் போனில் வால்பேப்பராக வைத்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அது எம்மாஞ் சூடாவும் விமலு?"

விமல்ராஜ் உள்ளதை உள்ளபடி சொல்கிற பிள்ளை. "செம சூடாவும்மா! நாலு மணி நேரம் ஆடினா ரூமே வெதுவெதுன்னு ஆயிடும்."

"அம்மாஞ் சூடா!" அருணாதேவியின் கண்கள் விரிந்தன.

வளவன் விமல்ராஜை மனசுக்குள் திட்டினான். போன மாசம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு இன்வெர்ட்டர் வெடித்தது. அம்மா முதல் ஆளாய் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போன வாரம்கூட அவனுடைய லேப்டாப்புக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள். பாவம், ரொம்பத்தான் பயந்துபோயிருக்கிறாள்.

"அவன் ஒளர்றாம்மா!" என்றவன் போனைப் பார்த்துக் கத்தினான். "டேய், பெருசு வேணாம். நடு சைஸு போடு!"

சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்த பெரிய கார்டின் பேரை அடித்தான்.

"நடு சைஸுன்னா சூடு கம்மியாடா?" என்றாள் அம்மா.

"ரொம்பக் கம்மிம்மா."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. இன்னும் பயம் தெளியவில்லை என்று வளவன் முடிவு கட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு, "சின்னதே போடுடா! கூடவே தண்ணி ஓடுற கூலரு ஒண்ணு, ஃபேன் ஆறு" என்றான்.

"சின்னதா? அதுல சீட்டுக்கட்டு கேம்தான்டா ஆடலாம்!"

"போடுன்னா போடேன்டா!"

அம்மா விடுவதாக இல்லை. "பொட்டிக்கு மேல்பக்கம் தட்டையா இருக்குமா? எத்தினி சாண் அகலம்?"

"தட்டைதாம்மா, ரெண்டு சாண் இருக்கும். மேல பூரா ஓட்டை. துளி சூடு வந்தாலும் அந்த வழியா வெளிய பூடும்."

"ராத்திரி பூரா ஓட விடலாமா?"

"ரெண்டு நாள் நிறுத்தாம ஓட்டினாலும் ஐஸ் மாதிரி இருக்கும்!"

"அது இல்லடா, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. பெத்த அம்மா மனசு எனக்குத் தெரியாதா?"

"பில்லு போட்டாச்சு மச்சான். உன் தலையெழுத்து, நான் இன்னா பண்றது!" என்று சொல்லிவிட்டு விமல்ராஜ் போனை வைத்தான்.

முகம் தெரியாத ஓவியாவுக்கு வளவன் மனசுக்குள்ளேயே வாழ்த்துச் சொன்னான். போனால் போகட்டும், அம்மாவின் நிம்மதியைவிட ஒரு விளையாட்டு பெரிசா என்ன? தன் தியாகத்தை நினைத்து அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

"இப்ப சந்தோஷமா? சத்தியமா சொல்றேன், அந்தப் பொட்டி சூடே ஆவாதும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அருணாதேவி கையை வெடுக்கென்று உதறினாள். எழுந்து உள்ளே போனவள், மூடி போட்ட பெரிய எவர்சில்வர் குண்டான் ஒன்றைத் தூக்கிவந்து அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"இந்தக் குளிருல இட்லி மாவு பொங்குறதுக்குத்தானடா நான் பாதிப் பணமே குடுத்தேன்!"