கொய்யாக் கிளையில் கத்தி

"ஐயையோ! என்ன சார் பண்றீங்க?"

ராத்திரி டூட்டி முடிந்து வந்த நர்ஸ், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கத்தினாள். கத்தாமல் என்ன செய்வாள்? அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த கொய்யா மரத்தடியில், ஸ்டூல் போட்டுக்கொண்டு, கத்தியும் கையுமாகப் பக்கத்து வீட்டு மனுஷர் நின்றிருந்தார். ஒரு கிளையில் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை உரித்திருந்தார்.

அவருக்குத் தெருவில் கடுகு என்று பேர். எதற்கெடுத்தாலும் பொரிவார். "இந்த மரம் இலையாக் கொட்டி என் உயிரை வாங்குது" என்று போன வாரம்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தவர்தான்.

அது என்ன சும்மா மரமா? சின்ன வயசில் அவள் அப்பா காலி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வருவாரே, அந்தச் சிவப்புக் கொய்யா! அப்பா போன பிறகு அதை அவள் கண்ணாலேயே பார்க்கவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல் தள்ளுவண்டியில் பார்த்தாள். ஒரு கடி கடித்ததும் நடுத்தெரு என்றும் பாராமல் அழுதுவிட்டாள். "இதை இனிமே நம்ம வீட்டுலயே வளர்க்கப் போறேன்" என்று மிச்சத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து விதை போட்டாள். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு.

"மனசாட்சி இருக்கா சார் உங்களுக்கு? இலை விழுந்தா சொன்னீங்கன்னா நான் வந்து பெருக்க மாட்டேனா? இப்படியா பட்டுப்போக வைப்பீங்க?"

கடுகு, அதிசயமாக, பொரியவில்லை.

"நான் எதுக்கும்மா பட்டுப்போக வைக்கணும்? மரத்தை வெட்டப் போறதே உங்க வீட்டுக்காரர்தான். நேத்து சாயங்காலம் நீ டூட்டிக்குப் போனதும் ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டினாரே!"

அவள் கைப்பையைக் கீழே போட்டாள். இது மரத்தில் கத்தி வைத்ததைவிடப் பெரிய இடியாக இருந்தது.

"என்னங்க! இங்க வாங்க!"

புருஷன் வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தான்.

"எங்கப்பா நெனப்பா வளர்த்த மரம்னு தெரியாதா உங்களுக்கு? நான் இல்லாத நேரம் பார்த்து ஆளைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"நானா? எந்த ஆளு?" நுரை பனியனில் வழிந்தது. "நேத்து நான் வீட்டுக்கு வந்ததே எட்டு மணிக்குடி!"

"புளுகாதீங்க! சாரே பார்த்திருக்கார்!"

"அடடா, அவரை ஏம்மா திட்டறே?" கடுகு தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வீட்டுக்காரர் இல்லைம்மா. மாசாமாசம் வாடகை வாங்கறாரே, அந்த வீட்டுக்காரர்!"

புருஷன் புறங்கையால் நுரையைத் துடைத்துக்கொண்டான்.

"வீட்டை வித்துட்டாராம். வாங்கினவர் எல்லாத்தையும் இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப் போறாராம். உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரலை. என்கிட்ட சொல்லிட்டு நழுவிட்டார்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ... என் மரம்?"

கடுகு ஸ்டூலடியில் இருந்த வாளியை இழுத்தார். வாளியிலிருந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து, உரித்த இடத்தில் உருண்டையாக அப்பினார். மேலே பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டினார்.

"இதுக்குப் பேர் பதியன். இந்த இடத்துல வேர் விட்டதும் கிளையை வெட்டித் தொட்டியில வெச்சுடலாம். இதே மரம், இதே பழம். போற வீட்டுக்குக் கையோட கொண்டு போயிடு."

அவள் எழுந்து வந்து அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். புருஷன்தான் கேட்டான்.

"வேர் விட ரெண்டு மாசமாவது ஆகுமே சார். அதுக்குள்ள இடிச்சுட்டா?"

"இடிக்க மாட்டாங்க." கடுகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேர் விடற வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னு, வாங்கினவர் கால்லயே விழுந்துட்டு வந்திருக்கேன்."